புள்ளி வரியும் மெயின்டனன்ஸும்: நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை. நேரம் கருதி மேடையில் விட்டுவிட்ட சில பகுதிகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



"உங்க ஊரைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார். செட்டிநாட்டுச் சாப்பாடு, பெரிய பெரிய வீடு, அதெல்லாம் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எழுத்தாளனும் இல்லை, சரித்திர ஆராய்ச்சியாளனும் இல்லை. காரைக்குடியில் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆகவே என் பேச்சில் கவிதை குறைவாகவும் கணக்கு கூடுதலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் நேமத்தான்பட்டி. சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி வட்டாரத்தில் உள்ள சிற்றூர். ஊர் பெயரைச் சொன்னதும், விவரம் தெரிந்தவர்கள்கூட "ஓ, நேமம் கோயில் இருக்கிற ஊரா?" என்பார்கள். அது வேறு. நகரத்தார்களுக்கு ஒன்பது கோயில்கள் உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. அதில் வருகிற நேமம் தனி ஊர். எங்களுடையது நேமத்தான்பட்டி. நகரத்தார் குடியிருந்த ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இன்றைக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை மிச்சம். அவற்றில் ஒன்று எங்கள் ஊர்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும். சினிமா ஷூட்டிங், ஆத்தங்குடிக் கல் என்று பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊருக்கு அந்தப் புகழ் கிடையாது. ஆனால் அமைப்பு ஒன்றுதான். நேர் நேரான தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள், கோயில், ஊருணி, ஊரைச் சுற்றிப் பொட்டல்.

வீடு என்றால் ஒரு வீடு இல்லை

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வழிகாட்டி ஒப்பிப்பார். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெருகேற்றிய சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

வாசலில் திண்ணை, முகப்பு. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் தெரிகிற முற்றம், நாலு பக்கமும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் சமையல்கட்டு, கிணறு, தோட்டம்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒன்று. உள்வீடு என்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள் கழித்து "வேறு வைத்தல்" என்று ஒன்று செய்வார்கள். சண்டை போட்டுப் பிரிவது இல்லை, அதுதான் முறை. அரிசி, பருப்பு, பாத்திரம், பண்டம் எல்லாம் கொடுத்து, "இனி உங்கள் சமையல் உங்களுக்கு, உங்கள் செலவு உங்களுக்கு" என்று தனி அடுப்பு ஏற்றி வைப்பார்கள். ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே முற்றம். ஆனால் நாலு பிள்ளைகள் இருந்தால் நாலு அடுப்பு, பெற்றோர் அடுப்போடு ஐந்து. ஒரு ஆச்சி வைத்த குழம்பு அடுத்த ஆச்சிக்குக் கிண்ணத்தில் போகும். ஆனால் கணக்கு கலக்காது.

இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இது அபார்ட்மெண்ட்! தனித்தனிச் சமையலறை, பொதுவான வாசல், பொதுவான முற்றம், பொதுவான கூரை. நாம் ஏதோ புதிதாக மாடி மேல் மாடி வைத்துக் கண்டுபிடித்த மாதிரி நினைக்கிறோம். எங்கள் ஊரில் நூறு வருஷம் முன்பே படுக்கைவாட்டில் கட்டி வைத்திருந்தார்கள். லிஃப்ட் மட்டும் இல்லை. அதனால் லிஃப்ட் சண்டையும் இல்லை.

கடல் கடந்து போன இடத்திலும் இதே ஏற்பாடுதான். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று நீளமான கட்டடங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு மேசைப்பெட்டி, அதுதான் ஆபீஸ். அந்தப் பெட்டியடியில் முதலாளிக்குப் பதில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஒரு கூரையின் கீழ் பல கணக்கு. அன்றாடம் போட்டியாளர்கள், ஆனாலும் நடப்பு வட்டி இவ்வளவு என்று கோயிலில் கூடி முடிவு செய்வார்கள்.

புள்ளி என்றால் என்ன?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோயில், ஊருணி, திருவிழா இதையெல்லாம் யார் பணத்தில் நடத்தினார்கள்? பெரிய பணக்காரர்கள் திருப்பணி செய்தார்கள், சரி. ஆனால் வருஷா வருஷம் ஆகிற செலவுக்குப் புள்ளி வரி.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. பையனுக்குக் கல்யாணம் ஆனால், அப்பா வீட்டிலேயே இருந்தாலும் அவன் தனிப் புள்ளி. வரி தலைக்கு இல்லை, சொத்துக்கும் இல்லை, புள்ளிக்கு. பத்து லட்சம் வைத்திருப்பவரும் ஒரு புள்ளி, பத்து ரூபாய்க்குத் திண்டாடுபவரும் ஒரு புள்ளி. இது போக, தொழிலில் வருகிற லாபத்தில் மகமை என்று ஒரு பங்கு பொதுக்காரியத்துக்கு எடுத்து வைப்பது தனி.

நேமத்தான்பட்டிக்காரர் ரங்கூனில் இருக்கலாம், பினாங்கில் இருக்கலாம். புள்ளி ஊரில்தான். வீடு பூட்டிக் கிடந்தாலும் புள்ளி பூட்டிக் கிடக்காது. வரி வந்தாக வேண்டும். வரவில்லை என்றால், வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்று வரும்போது ஊர் கணக்குக் கேட்கும். நம் வாட்ஸ்அப் குழுவில் பாக்கிப் பட்டியல் போடுவதைவிட அது வலுவானது.

பொங்கல் சமயம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நாட்டரசன்கோட்டை என்று ஓர் ஊர். கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் இருக்கிறது. தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை அங்கே நகரத்தார்கள் செவ்வாய்ப் பொங்கல் வைப்பார்கள். புள்ளிக்கு ஒரு பானை. நூற்றுக்கணக்கான பானை வரிசையாகப் பொங்கும். முதல் பானை யாருக்கு என்பதைக் குடவோலைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பணக்காரருக்கு முதல் பானை என்று கிடையாது. சென்னை, கோவை, வெளிநாடு என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் அன்று வந்து நிற்பார்கள். பானையை எண்ணினால் ஊரில் எத்தனை குடும்பம் என்று கணக்கு வந்துவிடும். இதைவிட நல்ல வருடாந்திரப் பொதுக்குழுவை நான் பார்த்ததில்லை. நம் பொதுக்குழுவுக்குக் கோரம் சேர்க்கச் செயலாளர் படுகிற பாடு உங்களுக்கே தெரியும்.

இந்த மாதிரி ஏற்பாடு எங்களுக்கு மட்டும் உள்ளது இல்லை. இங்கிலாந்தில் சிற்றூர்களுக்குப் பாரிஷ் கவுன்சில் என்று ஓர் அமைப்பு உண்டு. 1894-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. விளையாட்டுத் திடல், நிழற்குடை, இடுகாடு போன்ற சின்னச் சின்னப் பொதுச் சொத்துகளை அது பார்த்துக்கொள்ளும். அதற்கான சிறு தொகையை வீட்டு வரியோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். அங்கேயும் இப்போது பூட்டிய வீடுதான் பிரச்சினை. லண்டனில் இருப்பவர்கள் கடலோரத்தில் விடுமுறைக்கு என்று ஒரு வீடு வாங்கிப் போடுகிறார்கள். வருஷத்தில் பதினொரு மாதம் ஜன்னலில் விளக்கு கிடையாது. செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 2016-ல் மக்களிடம் ஓட்டே எடுத்து, இனிக் கட்டும் புது வீடுகள் அங்கேயே வசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள். 2025-லிருந்து, இப்படி இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு இரட்டை வரி போட இங்கிலாந்து உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்துவிட்டது. அவர்கள் இன்றைக்குத் தேடிக்கொண்டிருக்கும் வழியை எங்கள் ஊர்க்காரர்கள் புள்ளி என்ற ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

ஊருணி

எங்கள் பக்கம் ஆறு கிடையாது. வறண்ட பூமி, செம்பூரான் கல். வருஷத்தில் ஏறத்தாழ 900 மில்லி மீட்டர் மழை. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைத்தால்தான் சித்திரை, வைகாசியைத் தாண்ட முடியும்.

ஆகவே வீட்டுக் கூரையை உள்பக்கம் சரித்துக் கட்டினார்கள். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழும். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் தாழ்வாரத்துக் கீழே அண்டா, குடம் எல்லாம் வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்து மூலையில் உள்ள கல் மடை வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போகும். தெரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று ஏறும். தெருவைப் போடும்போதே சாய்வு பார்த்துப் போட்டிருக்கிறார்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டபோது, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது செய்தியாகவே படவில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நம் கட்டடத்தின் மொட்டை மாடி சுமார் 6,000 சதுர அடி. அதாவது 557 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்கு சராசரி 1,400 மில்லி மீட்டர் அளவுக்கு மழை என்று வைத்தால் ஏழே முக்கால் லட்சம் லிட்டர். வழிவது, வீணாவது எல்லாம் கழித்து ஆறு லட்சம் என்று வையுங்கள். 12,000 லிட்டர் லாரியில் ஐம்பது லாரி. அதில் எத்தனை லாரி நம் மீள்நிரப்புக் கிணற்றுக்குப் போகிறது, எத்தனை லாரி குப்பை அடைத்த குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது? மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் மொட்டை மாடிக்கு வந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஊருணியைப் புகழும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் எல்லா ஊருணியிலும் இறங்க முடியாத காலம் எங்கள் பக்கத்தில் இருந்தது. தூர் வாரியவர்கள் வேறு, குடிக்கத் தண்ணீர் எடுத்தவர்கள் வேறு. பழைய ஊர் என்றால் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது

இந்த வீடுகளுக்கெல்லாம் மூலதனம் பெரும்பாலும் பர்மா. அடுத்து மலேயா, இலங்கை. 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு அங்கே நெல் சாகுபடி பெருகியது. விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் தயாராக இல்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள்.

1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது. கடன் திரும்பி வரவில்லை. ஈடாக எழுதிக்கொடுத்த நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரிய சொத்து. வங்கிக்காரன் கண்ணுக்கு அது வாராக்கடன். கையில் ரொக்கம் இல்லை, வாங்க ஆள் இல்லாத நிலம் மட்டும் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களின் கோபமும் கூடவே வருகிறது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. பலர் கால்நடையாகவே கிளம்பி வந்தார்கள், வழியிலேயே பலர் இறந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்று, நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தது. ஐந்தொகையில் ஒரு பக்கம் முழுவதும் அழிந்துபோன மாதிரி.

தப்பித்தவர்கள் வேறு தொழிலுக்கு முன்கூட்டியே மாறியவர்கள். 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் சம்பாதித்ததைக் கல்லூரிகளாக மாற்றினார். அவர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். என்னைப் போன்ற கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன் பி.காம். படிக்க முடிந்தது அவரால்.

ஆம், நான் நகரத்தார் வீட்டுப் பிள்ளை இல்லை. என் தகப்பனார் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளை. பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் எனக்குக் கல்லூரிக்கு முன்பே வீட்டில் வந்துவிட்டது.

ஒரு கூரை, 27 கையெழுத்து

அப்பா கணக்கு எழுதிய வீட்டின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாலு சகோதரர்கள் சேர்ந்து கட்டிய வீடு. ஆளுக்குக் கால் பங்கு. அடுத்த தலைமுறையில் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள். அந்தக் கால் ஆறாகப் பிரிந்து ஆளுக்கு இருபத்துநாலில் ஒரு பங்கு. அதில் ஒருவருக்கு நாலு வாரிசு. ஆளுக்குத் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வீட்டுக்கு 27 பங்குதாரர்கள். பாகம் பிரிக்காத சொத்து. கோலாலம்பூரில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், சென்னையில் ஏழெட்டுப் பேர்.

இரண்டாங்கட்டில் ஒரு மூலையில் ஓடு நழுவி மழை ஒழுகியது. மாற்ற 4,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். அப்பா 27 பேருக்கும் கார்டு போட்டார். பணம் பெரிய தொகை இல்லை. அவர்களில் பலருக்கு அது ஒரு நாள் செலவு. ஆனால் வந்த பதில்கள் இப்படி இருந்தன: "நாங்கள் அந்தப் பக்கம் புழங்குவதே இல்லை." "மற்றவர்கள் கொடுத்தால் நானும் கொடுக்கிறேன்." "முதலில் பாகம் பிரியட்டும்." "வீட்டை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்." பாதிப் பேர் பதிலே போடவில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் ஊர் என்றால் உருகுகிறவர்கள். ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி தவறாமல் கொடுத்தவர்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். கோயிலுக்கு ஒரு கணக்கும், கணக்குக் கேட்க ஓர் ஊரும் இருந்தது. வீட்டுக்கு அது இல்லை. கோயில் நன்றாக இருக்கிறது. வீட்டில் ஒழுகின தண்ணீர் உத்தரத்தில் இறங்கி, உத்தரத்திலிருந்து சுவரில் இறங்கி, பத்து வருஷத்தில் இரண்டாங்கட்டு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 27 பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள், இடித்து விற்பதற்கு.

தூண்களும் நிலைகளும் லாரியில் ஏறிக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அந்தத் தூண்கள் இன்றைக்கு ஏதாவது ஒரு நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கலாம். விற்ற பணத்தை 27 பங்காகப் பிரித்துக் கடைசிக் கணக்கையும் அப்பாதான் எழுதினார். தொண்ணூற்றாறில் ஒரு பங்குக்காரருக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். அவர் ஊருக்கு வந்துபோன டாக்ஸிச் செலவுக்குப் பக்கத்தில் வந்தது.

எல்லா வீடும் இப்படி ஆகவில்லை. சில வீடுகளில் பங்காளிகள் கூடி டிரஸ்ட் வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று போட்டு, காவலுக்கு ஆள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். முன்னோர்களுக்குப் படைப்பு என்று ஒரு நாள் வைத்து எல்லோரும் அந்த வீட்டில் கூடுகிறார்கள். சில வீடுகள் தங்கும் விடுதியாகிப் பிழைத்துக்கொண்டன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் ஓடு தானாக மேலே ஏறிக்கொள்ளாது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "பிரிபடாத பங்கு" என்று ஒரு வரி இருக்கும். நம்மில் யாருக்கும் இந்த நிலத்தில் தனியாக இது என் மூலை என்று காட்ட முடியாது. 48 ஃபிளாட், 48 பங்குதாரர். பல ஃபிளாட்டுகள் அடுத்த தலைமுறையின் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. சிலர் அமெரிக்காவில், சிலர் பெங்களூரில். நம் கட்டடத்துக்கு வயது 22. மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்கு மதிப்பீடு வாங்கி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. "நாங்க மூணாவது மாடி, எங்களுக்கு ஒழுகல" என்ற பதிலை நான் இந்த வளாகத்திலும் கேட்டிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை அப்பாவுக்கு வந்த கார்டு மாதிரியே இருந்தது.

நம் மாநிலத்தின் 2022-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இடிப்பதற்குக் கையெழுத்து வாங்க வழி வந்துவிட்டது, நல்லது. அதுவரை காப்பாற்றுவதற்கான கையெழுத்தை நாம்தான் போட வேண்டும்.

சங்கத்தின் முன் நான் வைக்க விரும்புவது மூன்று விஷயம்.

முதலாவது, மாதாந்திரப் பராமரிப்புத் தொகையிலிருந்து பிரித்து, பெரிய பழுதுகளுக்கென்று தனி நிதி. ஃபிளாட்டுக்கு மாதம் 500 ரூபாய் என்றால் 48 ஃபிளாட்டுக்கு வருஷத்துக்கு 2,88,000 ரூபாய். இதைத் தீபாவளி விளக்குக்கோ, ஜெனரேட்டர் டீசலுக்கோ தொடக் கூடாது. பூட்டிய ஃபிளாட்டுக்கும் உண்டு, வாடகை ஃபிளாட்டுக்கும் உண்டு. கொடுக்க வேண்டியது உரிமையாளர்.

இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஐந்தொகை இந்த மடலிலும் அறிவிப்புப் பலகையிலும் வர வேண்டும். வரவு, செலவு, பாக்கி மூன்றும். பொருளாளர் மேல் சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குத் தெரிந்தால்தான் கொடுக்கிற கைக்குத் தயக்கம் போகும். முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது அது. இந்த வேலையில் பொருளாளருக்கு உதவ நான் தயார். சம்பளம் வேண்டாம், காபி போதும்.

மூன்றாவது, வாடகைக்கு இருப்பவர்களை நம் கூட்டங்களில் உட்கார வைத்துப் பேச விட வேண்டும். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். என் அப்பா நாற்பது வருஷம் அந்த ஊரில் கணக்கு எழுதினார். புள்ளிக் கணக்கும் அவர் கையெழுத்துதான். எங்கள் குடும்பம் அதில் புள்ளி இல்லை. வரி இல்லை, ஆகவே வார்த்தையும் இல்லை. அந்த வீட்டில் எந்த ஓடு நழுவியது, எந்த மடை அடைத்தது என்று 27 பங்குதாரரையும்விட அப்பாவுக்குத்தான் முதலில் தெரியும். தினமும் பார்க்கிறவருக்குச் சொல்ல உரிமை இல்லை, உரிமை உள்ளவர் பார்ப்பதில்லை. நம் வளாகத்தில் 19 ஃபிளாட்டில் இருப்பது வாடகைக் குடும்பங்கள். லிஃப்டில் சத்தம் வருகிறது, சம்ப்பில் விரிசல் தெரிகிறது என்று முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஓட்டு உரிமையாளருக்கே இருக்கட்டும். பேச்சு எல்லோருக்கும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் எங்கள் பக்கம் பிள்ளையார் நோன்பு. இருபத்தொரு நூல் இழையைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு நடந்தது இன்றைக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மண்டபத்தில் கூடி நடக்கிறது. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் உண்டு. வீட்டுக்காரம்மா வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் செய்து கொண்டுவந்து பின் மேசையில் வைத்திருக்கிறார். ஃபிளாட்டுக்கு இரண்டு என்று எண்ணி வைத்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறோம்.

பணியாரம் எடுத்துக்கொண்ட கையோடு, பக்கத்தில் உள்ள தாளில் தனி நிதிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட விருப்பமுள்ள உரிமையாளர்கள் போடலாம். கட்டாயம் இல்லை. ஊரில் இல்லாதவர்களுக்குச் செயலாளர் தாளைப் படம் எடுத்து அனுப்புவார். சித்திரை மாதப் பொதுக்குழுவுக்குள் 48-ல் எத்தனை வருகிறது என்று அடுத்த மடலில் எழுதுகிறேன்.